வால்டாக்ஸ் சாலைக் குதிரைக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் இதழின் உள்பக்கத்தில் ஒரு துண்டுச் செய்தி வந்திருந்தது. வால்டாக்ஸ் சாலையில் குதிரை ஒன்று இறந்து கிடந்தது, அதனால் வாகனங்கள் தேங்கின, உடலை அகற்றிய பிறகு போக்குவரத்து சீரானது என்று போட்டிருந்தீர்கள். அவ்வளவுதானா ஐயா? அது செத்துக் கிடந்த நேரம் மட்டும் உங்களுக்குச் செய்தியாகிவிட்டது. அதற்கு முன்னால் பல நாள் அதே குப்பைத் தொட்டி ஓரத்தில் அது உயிரோடு நின்றிருக்கிறது. அந்தப் பக்கம் போகாத அதிகாரி உண்டா? போகாத நிருபர் உண்டா?

நான் யானைக்கவுனியில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா இங்கே ஜட்கா ஓட்டினார். அப்பா சவுகார்பேட்டைக் கல்யாணங்களுக்கு மாப்பிள்ளைக் குதிரை அனுப்பினார். நான் மாதவரம் பக்கம் சிறியதாக லாயம் போட்டு, மார்வாரிக் குட்டிகளையும் கத்தியவாரிக் குட்டிகளையும் வளர்த்து விற்கிறேன். அந்தக் குதிரை என் லாயத்தில் பிறந்தது இல்லை. யாருடையது என்று விசாரித்தேன். மூன்று பேர் பெயரைச் சொன்னார்கள். மூன்று பேருமே, "அதைப் போன வருஷமே கைமாற்றிவிட்டேன்" என்றார்கள்.

எனக்குத் தகவல் வந்தபோது அது படுத்துவிட்டது. மாடு படுப்பதும் குதிரை படுப்பதும் ஒன்றில்லை. நானூறு, ஐந்நூறு கிலோ உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் அந்தப் பாரமே தசையை நசுக்கும், மூச்சை அடைக்கும். எழுப்பி நிறுத்த முடியாவிட்டால் கதை முடிந்தது. பல்லைப் பார்த்தேன், பத்து வயதுகூட இருக்காது. நல்ல பராமரிப்பில் குதிரை இருபத்தைந்து, முப்பது வருஷம் வாழும். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒரு முறை சீவ வேண்டிய குளம்பு நீண்டு, முன்பக்கம் வளைந்து கிடந்தது. சேணம் அழுத்திய இடத்தில் புண் சீழ் பிடித்து ஈ மொய்த்தது. பிடரி மயிரில் மட்டும் கல்யாணத்துக்குக் கட்டிய ஜரிகை நூல் அப்படியே இருந்தது. முகூர்த்தம் முடிந்து வாடகைப் பணம் வாங்கியவனுக்கு அந்த நூலை அவிழ்க்கக்கூட நேரம் இல்லாமல் போயிருக்கிறது.

போன் செய்தேன். ஓர் அலுவலகத்தில், "மாடு, நாய் என்றால் எங்களிடம் சொல்லுங்கள், குதிரை எங்கள் வேலையில் வராது" என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கேட்டார்கள். மூன்றாவது இடத்தில், உரிமையாளர் யார் என்று தெரிந்தால்தான் வழக்குப் போட முடியும் என்றார்கள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஈரத்துணியால் அதன் வாயைத் துடைத்துவிட்டவர்கள் பக்கத்துக் கிடங்கில் மூட்டை தூக்கும் ஆட்கள். இருட்டுவதற்குள் அது போய்விட்டது. அதன் பிறகு, உடலை அள்ள வண்டி ஒரு மணி நேரத்துக்குள் வந்து நின்றது! அந்த வண்டிக்கும் கயிற்றுக்கும் ஆட்களுக்கும் அன்று காலையில் வழி தெரியாமலா போனது?

ரயில் பாதையைத் தாண்டினால் வேப்பேரி. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. மிருகவதைத் தடுப்புச் சங்கமும் அங்கேதான். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமை இன்னாருக்கு என்று நம் ஊரில் எழுதி வைக்கப்படவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். வளர்ப்பவர் தீனி, தண்ணீர், தங்கும் இடம் கொடுக்காவிட்டால் குற்றம். பசியில் தவிக்கும் நிலையில் கைவிட்டால் குற்றம். தண்டனை என்ன தெரியுமா? முதல் முறை பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம். மூன்று வருஷத்துக்குள் மறுபடியும் செய்தால் இருபத்தைந்திலிருந்து நூறு ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை. இதே வால்டாக்ஸ் சாலையில் பைக்கைத் தப்பான இடத்தில் நிறுத்தினால் கட்ட வேண்டிய தொகை இதைவிடப் பல மடங்கு. அபராதத்தை உயர்த்தும் திருத்த வரைவை ஒன்றிய அரசு 2022 நவம்பரில் வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. அது இன்னும் சட்டமாக வந்து சேரவில்லை.

இத்தனைக்கும் அந்த 1960 சட்டத்துக்கு வித்திட்டது நம் ஊர். கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து எடுத்த முயற்சியில் பிறந்தது அது. அந்தச் சட்டத்தின்படி 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கும் அவர்தான் முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் நெடுங்காலம் சென்னையிலேயே இருந்தது, 2018-ல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. போகும்போது நம் அதிகாரிகளின் பொறுப்பையும் மூட்டை கட்டி எடுத்துப் போய்விட்டதா?

இறந்த குதிரையின் நெடிய காலும் ஒடுங்கிய வயிறும் பந்தயக் குதிரையின் உடல்வாகு. பந்தயத்துக்கென்று பிறக்கும் குட்டி பிறந்ததுமே தாய், தந்தை பெயரோடு இந்திய ஸ்டட் புத்தகத்தில் ஏறிவிடும். இரண்டு வயதில் ஓடத் தொடங்கும். ஐந்து, ஆறு வயதில் கால் நரம்பு போனாலோ வேகம் குறைந்தாலோ களத்தை விட்டு வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு அதற்கு இருபது வருஷ ஆயுள் மிச்சம் இருக்கிறது. அந்த இருபது வருஷத்துக்குத்தான் புத்தகம் கிடையாது. கடற்கரைச் சவாரி, கல்யாண ஊர்வலம், சினிமாப் படப்பிடிப்பு என்று கை மாறி மாறி, ஒவ்வொரு கையிலும் விலை குறைந்து, கடைசியில் தீனிச் செலவுக்கு அஞ்சுகிறவன் கையில் வந்து விழுகிறது.

கிண்டி ரேஸ் கோர்ஸ் விவகாரத்தை நீங்களே பக்கம் பக்கமாக எழுதினீர்கள். 160 ஏக்கர், 99 வருஷக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய், பாக்கி 730 கோடி, 2024 செப்டம்பரில் அரசு சீல் வைத்தது எல்லாம் ஊருக்கே மனப்பாடம். அதற்கு முன்னால் பந்தயம் சூதாட்டமா, திறமையா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் திறமைதான் என்று தீர்ப்பு வந்தது. நிலத்துக்கு வாதாட வக்கீல் இருந்தார், பந்தயப் பணத்துக்கும் இருந்தார். ஓடி முடித்த குதிரை எங்கே போகிறது என்று இந்த ஐம்பது வருஷத்தில் எந்த அரசாவது கணக்குக் கேட்டதா?

குதிரை வளர்ப்பவன் என்ற முறையில் எங்கள் ஆட்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஒரு பெட்டைக் குதிரையைச் சினைக்கு விட்டு, பதினோரு மாதம் காத்திருந்து, ஒரு குட்டியை இந்த உலகத்துக்குக் கொண்டுவருவது நம் விருப்பம். குட்டி கேட்டு வரவில்லை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் பாருங்கள், லட்சக்கணக்கில் விலை பேசுவார்கள். வாங்குகிறவர் சுழி பார்ப்பார், நடை பார்ப்பார், காது வளைவைப் பார்ப்பார். விற்கிறவர் நோட்டை எண்ணுவார். "உங்களிடம் லாயம் இருக்கிறதா, கொள்ளும் புல்லும் எங்கே வாங்குவீர்கள், ஒரு நாளைக்கு முப்பது லிட்டர் தண்ணீருக்கு என்ன வழி?" என்று கேட்கிற வியாபாரியை அரிதாகவே பார்த்திருக்கிறேன். அப்பா கேட்பார். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும், வேறு யாருக்கும் தள்ளிவிடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் நானும் விற்கிறேன். அப்படித் திரும்பி வந்த கிழட்டுக் குதிரைகள் இப்போதும் என் லாயத்தில் நிற்கின்றன. அவற்றால் ஒரு பைசா வரவு இல்லை. அவற்றுக்குக் கொள்ளு வேகவைக்காமல் நான் சாப்பிட உட்கார்வதில்லை. பிறக்க வைத்தவனுக்குச் சாகும் வரை பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பு வேண்டாம் என்பவன் இந்தத் தொழிலுக்கே வர வேண்டாம்.

"குதிரை ஓட்டிப் பிழைக்கிற ஏழை என்ன செய்வான்?" என்று கேட்பார்கள். ஏழைக் குதிரைக்காரரை எனக்குத் தெரியும், அவர்களோடுதான் வளர்ந்தேன். தன் பிள்ளைக்கு வாங்குவதற்கு முன்னால் குதிரைக்குப் புல்லுக்கட்டு வாங்குகிறவர்கள் அவர்கள். கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் நாலு குதிரையை வாங்கிப்போட்டு, கூலிக்கு ஆள் வைத்து ஓட்டி, சீசன் முடிந்ததும் கழற்றிவிடும் முதலாளிகள். "மனிதனே நடைபாதையில் கிடக்கிறான், குதிரைக்கு வந்துவிட்டீர்களா?" என்றும் கேட்பார்கள். அப்படிக் கேட்கிற எவரும் நடைபாதையில் கிடப்பவருக்கு ஒரு பொட்டலம் சோறு வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. பணம் இல்லை என்பதும் சாக்குதான். உடலை அகற்ற இருந்த பணம் உயிரைக் காப்பாற்றவும் இருக்கும்.

இரக்கம் வேண்டாம் என்பவர்கள் பயத்துக்காகவாவது கேட்கட்டும். கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும், உயிரை எடுக்கும். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அது கண்டிப்பாகத் தெரிவிக்க வேண்டிய நோய். எந்தக் குதிரை யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத நகரத்தில் யார் எதைத் தெரிவிப்பது? மாப்பிள்ளையும் குழந்தைகளும் ஏறி உட்காரும் குதிரைக்கு ரத்தப் பரிசோதனை ஆனதா என்று தங்கசாலையில் எந்தக் கல்யாண வீட்டிலாவது கேட்கிறார்களா? ஜைனர்களும் வைணவர்களும் நிறைந்த தெருக்கள் இவை. எறும்புக்கும் தீங்கு நினைக்காத பெரியவர்கள், பசுக்களுக்கு அயனாவரம் பிஞ்சராபோல் கோசாலையில் வாரி வழங்குகிறவர்கள். தங்கள் பிள்ளையைச் சுமந்து வரும் குதிரையின் முதுகில் புண் இருக்கிறதா என்று சேணத்தைத் தூக்கிப் பார்க்கும்படி அவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். புண் இருந்தால் வாடகை கொடுக்காதீர்கள். ஒரே முகூர்த்த காலத்தில் பாதிப் பேர் திருந்துவார்கள்.

பத்திரிகைக்கு எழுதி என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டார்கள். முதல் உலகப் போரில் பாடுபட்ட ராணுவக் குதிரைகள் கெய்ரோ தெருக்களில் எலும்பும் தோலுமாக வண்டி இழுத்ததைக் கண்ட டோரதி புரூக் என்ற பெண்மணி, 1931-ல் லண்டன் 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகைக்கு ஒரு கடிதம்தான் எழுதினார். அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய பணத்தில் ஐயாயிரம் குதிரைகள் மீட்கப்பட்டன. 1934-ல் அங்கே இலவச மருத்துவமனையும் தொடங்கியது. அந்த ஆசிரியர் அந்தக் கடிதத்தை உள்பக்கத் துணுக்காகச் சுருக்கவில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. சென்னையில் உள்ள ஒவ்வொரு குதிரைக்கும் கழுத்தில் சிப் பொருத்தி, பிறக்க வைத்தவர் பெயரையும் இப்போது வைத்திருப்பவர் பெயரையும் பதிய வேண்டும். பைக்கை விற்றால் பெயர் மாற்றுவதுபோல் குதிரை கைமாறினாலும் மாற்ற வேண்டும். பெயர் மாற்றாதவரை பழைய உரிமையாளரே பதில் சொல்லட்டும். ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை, குதிரை படுத்துவிட்டது என்றால் கூப்பிட ஓர் எண்ணும், தூக்கிப் போக ஒரு வண்டியும் வேண்டும்.

பதிவு தொடங்கினால் முதல் ஆளாக நான் வருகிறேன். என் லாயத்தில் நிற்பவை, என்னிடமிருந்து போனவை, யாரிடம் போயின, எந்த வருஷம் போயின எல்லாம் அப்பா காலத்திலிருந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். எந்த அலுவலகத்தில், எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் ஐயா.

இப்படிக்கு,
குதிரை வளர்ப்பவன்,
யானைக்கவுனி, சென்னை.