கணினிக்கு ஒரு மட்பானை

இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களிலே உழவு நடைபெறும் நாட்களில், இயந்திரத்தை வரம்போரத்தில் நிறுத்தி, சற்று ஆறவிட்டு, வாய்க்காலில் நீர் மொண்டு வந்து அதன் றேடியேற்றரில் ஊற்றும் சாரதிகளை வாசகர்கள் பலர் கண்டிருப்பீர்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல் இயந்திரத்துக்கும் காட்டுகின்றனர். ஆயின் அந்நீர் தாகந் தீர்ப்பதற்கு அன்று. இயந்திரத்தின் உள்ளே பிறக்கும் வெப்பத்தை வெளியே காவிச் செல்வதற்கே. இவ்வுபாயத்தை வீட்டுக் கணினிக்கும் கையாளலாகாதா? இவ்வினாவை எம்மிடம் எழுப்பியவன், கிளிநொச்சியில் வாழும் எம் தங்கையின் இளைய மகன். உயர்தர வகுப்பு மாணவன்.

சென்ற ஆவணியில் நாம் அவர்கள் வீட்டிற்குச் சென்றிருந்தோம். கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. நண்பகல் கடந்ததும் அவ்வீட்டுக் கணினி தானே அணைந்துவிடும். கணினியின் மூளையாகிய புரொசெசர் அளவு மீறிச் சூடேறினால், அது கருகிவிடாதபடி இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அதுவே அங்கு நாடோறும் நிகழ்ந்தது.

"மாமா, மீன்தொட்டிப் பம்ப் ஒன்று இருக்கிறது. மோட்டார் சைக்கிள் றேடியேற்றர் ஒன்றும் எடுக்கலாம். செப்புத் தகட்டில் சின்னப் பெட்டி செய்து புரொசெசரின் மேல் வைத்துத் தண்ணீரை ஓடவிட்டால் குளிரும்தானே?" என்றான் பையன்.

அதைக் கேட்ட தங்கை திடுக்கிட்டாள். "அண்ணா, இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கோ. மூத்தவளின் படிப்பு முழுக்க அதற்குள்தான் கிடக்கு" என்றாள். மூத்தவள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவி. அவளது ஆய்வறிக்கை அந்த ஒரு கணினியிலேயே இருந்தது. வேறொன்று வாங்க அக்குடும்பத்துக்கு வசதியில்லை.

வேண்டாம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஆராயும் ஆவலை ஒருமுறை அடக்கிவிட்டால் அது மீண்டும் எழுவது அரிது. ஆகவே மூவரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். முதலாவது, ஆய்வறிக்கையைப் பிரதி செய்து வேறோரிடத்தில் வைத்தல். இரண்டாவது, வெப்பம் எங்கே தடைப்படுகின்றது என்று அறியாமல் பரிகாரஞ் செய்யாமை. மூன்றாவது, நீர்ச் சோதனை முழுவதையும் மூலையிற் கிடந்த பழைய கணினியிலேயே நடத்துதல்.

பெட்டியைத் திறந்தோம். புரொசெசரின் மேலுள்ள உலோக இதழ்களின் இடையே செம்புழுதி கம்பளம்போற் படிந்திருந்தது. உலோகத்தையும் புரொசெசரையும் இணைக்கும் வெப்பப் பசையோ காய்ந்து வெடித்திருந்தது. மென்தூரிகையாற் புழுதியை அகற்றிப் புதுப்பசை தடவினோம். அன்று பிற்பகல் முழுவதும் கணினி அணையவில்லை. தாயின் முகம் மலர்ந்தது. மகனின் முகம் வாடியது! நோய் தீர்ந்துவிட்டால் மருந்தைச் சோதிப்பது எங்ஙனம்? பழைய கணினி இருக்கின்றதே என்று நினைவூட்டினோம்.

மறுநாள் 10 லீற்றர் நீர் கொண்ட வாளி, பம்ப், குழாய், செப்புப் பெட்டி ஆகியவற்றோடு சோதனை ஆரம்பமாயிற்று. மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். கடினமாக உழைக்கும் புரொசெசர் ஒன்று ஏறத்தாழ 100 உவாற்று வெப்பத்தை வெளியிடும் என்று கொள்வோம். அது பழைய 100 உவாற்று மின்குமிழின் வெப்பம் பெருவிரல் நகத்தளவு இடத்திற் குவிவதற்கு ஒப்பாகும். ஒரே கனவளவான காற்றைவிட நீர் சுமார் 3500 மடங்கு வெப்பத்தை ஏற்கவல்லது. நிமிடத்துக்கு ஒரு லீற்றர் நீர் ஓடினாற் போதும். புரொசெசரைக் கடக்கையில் அந்நீரின் சூடு ஒன்றரைப் பாகைகூட ஏறாது.

ஈது கேட்க இனிமையாய் இருக்கின்றதன்றோ? ஆயினும் நீர் வெப்பத்தை அழிப்பதில்லை, ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவே. ஏற்ற வெப்பம் வெளியேற வழியில்லையாயின், அவ்வாளி நீர் மணிக்கு எட்டரைப் பாகை வீதம் சூடேறும். றேடியேற்றரைப் பொருத்தினால் அச்சூடு காற்றிற் கலக்கும். ஆனால் றேடியேற்றர் எத்துணை பெரிதாயினும், சுற்றியுள்ள காற்றைவிட நீரைக் குளிர்விக்க அதனால் இயலாது. காற்று 34 பாகையாயின், நீரும் 34 பாகைக்குக் கீழ் இறங்காது.

அன்றிரவு கணினிக்கு மின்சாரங் கொடாமல் நீரை மட்டும் ஓடவிட்டு, அடியில் பழைய பத்திரிகையை விரித்துவிட்டு உறங்கினோம். காலையில் பத்திரிகை நனைந்திருந்தது! குழாய்ப் பொருத்து ஒன்று துளித்துளியாகக் கசிந்திருந்தது. பையன் அந்த ஈரத்தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "அக்காவின் கணினியில் இதைச் செய்திருந்தால்..." என்று தொடங்கியவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. நாமும் ஒன்றும் கூறவில்லை. அந்தத் தாளைவிடச் சிறப்பாக எமக்குக் கூற என்ன இருந்தது?

அடுத்த முயற்சியில் அவன் மிக்க கவனமுள்ளவனானான். கிணற்று நீர் கேத்தலின் அடியில் விடும் வெண்படிவு மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும் என்பதை எண்ணி, பற்றரிக்கு விடும் வடிநீரை வாங்கி வந்தான். செப்பும் அலுமினியமும் ஒரே நீரோட்டத்தில் இருந்தால் அலுமினியம் விரைவில் அரிக்கப்படும் என்று அறிந்து, அலுமினிய றேடியேற்றரை ஒதுக்கினான். அதற்குப் பதிலாக அவன் கண்டுபிடித்ததே எம்மை மகிழ்வித்தது. குளிர்சாதனப் பெட்டி திருத்தும் கடையில் வாங்கிய செப்புக் குழாயைச் சுருளாக்கி, திண்ணையிற் காற்றோட்டமான இடத்தில் வைத்த மட்பானை நீரினுள் அமிழ்த்தினான். சுருளினுள் ஓடும் நீர் தன் வெப்பத்தைப் பானை நீருக்குக் கொடுக்கும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகி அவ்வெப்பத்தை எடுத்தேகும். மணிக்கு 150 கிராம் நீர் ஆவியானால், 100 உவாற்று வெப்பமும் அகன்றுவிடும். றேடியேற்றருக்கு இல்லாத வல்லமை இது: வறண்ட கச்சான் வீசுங்கால் பானை நீர் காற்றைவிடக் குளிர்ந்தே நிற்கும். மாரி தொடங்கி ஈரக்காற்று சூழ்ந்ததும் இப்பயன் குறைந்துவிடும்.

"அப்படியானால் ஐஸ் போட்டால் இன்னும் நல்லதுதானே, மாமா?" என்றான்.

அன்று, தம்பி! குளிர்ந்த சோடாப் போத்தலின் வெளியே நீர் துளிர்ப்பதைக் கண்டதில்லையா? ஐஸ் நீர் ஓடும் செப்பின் மீதும் அவ்வாறே பனி படியும். கசிவே இல்லாமல் கணினி நனையும். மட்பானையோ காற்றின் ஈரம் துளியாகப் படியும் அளவுக்கு ஒருபோதும் குளிர்வதில்லை. அது தன் எல்லையை அறிந்தது!

பெருங்கணினிகளுக்கும் இதுவே பிரச்சினை. 1985இல் வெளிவந்த கிறே-2 என்னும் கணினியின் மின்சுற்றுகள், மின்சாரங் கடத்தாத திரவமொன்றினுள் அமிழ்த்தி வைக்கப்பட்டிருந்தன. 2022 மே மாதத்தில் திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 'பரம் பொருள்' என்னும் மீக்கணினி திறந்துவைக்கப்பட்டது. விநாடிக்கு 838 இலட்சங் கோடி கணக்குகளைச் செய்யவல்ல அதன் வெப்பத்தையும் திரவமே காவிச் செல்கின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்கும் இக்காலத்தில், இத்தகைய நுட்பங்கள் எம் பிள்ளைகளுக்கு எட்டாதவை அல்ல.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எம்மவர் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினர். வேறு வழியின்மையே அன்று ஆசானாய் இருந்தது. இன்று அந்த நெருக்கடி இல்லை. அந்தக் கைத்திறன் மட்டும் நம் வீடுகளில் நிலைக்க வேண்டும். பெற்றோர்களே, பிள்ளை பழுதாக்குவதற்கென ஒரு பழைய இயந்திரத்தை விட்டுவையுங்கள். பிள்ளைகளே, வீட்டாரின் உழைப்பு அடங்கிய இயந்திரத்தைத் தொடுமுன் ஈரத்தாளை நினைவிற் கொள்ளுங்கள்; நீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.

மூத்தவள் தன் அறிக்கையைக் குறித்த நாளிற் சமர்ப்பித்துவிட்டாள். பழைய கணினியோ திண்ணையோரத்தில் இன்னும் ஓடுகின்றது. காலைதோறும் அந்த மட்பானைக்கு நீர் வார்ப்பவள் யார் என்கிறீர்கள்? எம் தங்கையேதான்!