ஓடுகிற கம்ப்யூட்டருக்கு 'வயசாச்சு' என்பதா? விண்டோஸ் மாற்றப் போய் லைசென்சை இழக்கும் ஆபத்து!

வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ்-10-ஐ எடுத்துவிட்டு விண்டோஸ்-11 போடும் வேலை பலருக்குப் பெரிய தலைவலி ஆகி இருக்கிறது. அவசரப்பட்டால், காசு கொடுத்து வாங்கிய லைசென்சே பயன்படாமல் போகக்கூடும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

விண்டோஸ்-10 வெளிவந்தது 2015 ஜூலை 29-ந்தேதி. அதற்கான வழக்கமான பாதுகாப்பு உதவியை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு நிறுத்தியது.

அன்றோடு கம்ப்யூட்டர் நின்றுவிடவில்லை. வழக்கம்போல ஓடுகிறது. ஆனால், புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. கடைக்கணக்கு, பேங்க் வேலை எல்லாவற்றையும் அதே மெஷினில் பார்ப்பவர்களுக்கு இதுதான் பயம்.

யாருக்கு இலவசம்?

முறையான விண்டோஸ்-10 வைத்திருந்தால் 11-க்குப் பணம் வேண்டாம். ஆனால் மெஷின் தேற வேண்டும். 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்பு வசதி, பெரும்பாலும் இன்டெல் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும்.

சில மெஷின்களில் டி.பி.எம். இருந்தும் பயாசில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதைப் போட்டுவிட்டாலே காரியம் முடிந்தது. இது தெரியாமல் புது மெஷின் வாங்குவது வீண்செலவு.

உடனே மாற முடியாதவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு தருவதாக 2025-ல் கம்பெனி அறிவித்தது. கட்டணம் 30 டாலர். மைக்ரோசாப்ட் கணக்கில் செட்டிங்சை ஏற்றி வைத்தால் இலவசம். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்பு கேள்வி கேட்டது. அங்கு மட்டும் அந்த நிபந்தனை தளர்ந்தது.

லைசென்சு எங்கே இருக்கு?

முன்பு 25 எழுத்து 'கீ'யை டைப் செய்தால்தான் விண்டோஸ் ஏற்கும். இப்போது பெரும்பாலும் அது வேண்டியதில்லை. மெஷினின் அடையாளத்தைக் கம்பெனியே பதிந்து வைத்துக்கொள்கிறது. அதே மெஷினில் 11 போட்டால் லைசென்சு தானாக வந்துவிடும்.

சிக்கல் மதர்போர்டில்தான். போர்டு கெட்டுப்போய், ரிச்சி தெருவில் வேறு வாங்கி மாட்டினால், கம்பெனி கணக்கில் அது புது மெஷின். மெஷினோடு சேர்ந்து வந்த லைசென்சு பொதுவாக அந்த மெஷினோடு சரி. தனியாகக் கடையில் வாங்கியதை வேறு மெஷினுக்கு மாற்றலாம்.

இன்னொரு கோளாறும் உண்டு. வாங்கியது 'ஹோம்' லைசென்சு. மெக்கானிக் போட்டது 'புரோ'. அவ்வளவுதான், 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்ற எழுத்து திரையின் மூலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். குற்றம் கம்ப்யூட்டர் மேல் இல்லை. போட்ட சரக்கே வேறு!

விண்டோஸ்-7, 8 'கீ'யைக் கொடுத்து 10, 11-ஐ ஆக்டிவேட் செய்யும் வழியும் 2023 செப்டம்பரில் மூடப்பட்டது.

மலிவு விலை மாயம்

"சில நூறு ரூபாய் குடுங்க சார், ஒரிஜினல் கீ தர்றோம்" என்ற பேச்சைக் கேட்டு ஏமாறக் கூடாது. அது ஏதோ ஒரு கம்பெனிக்குக் கொடுத்த மொத்த லைசென்சாக இருக்கலாம். என்றைக்கு வேண்டுமானாலும் முடக்கப்படும். பூட்டை உடைக்கும் 'கிராக்' சாப்ட்வேர் அதைவிட மோசம். ஆன்டி-வைரசை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் அது உள்ளே நுழையும்.

முன்னெச்சரிக்கை என்ன?

மெஷினை மெக்கானிக்கிடம் கொடுக்கும் முன் செட்டிங்சில் 'ஆக்டிவேஷன்' பக்கத்தைத் திறந்து, இருப்பது ஹோமா, புரோவா என்று குறித்துக்கொள்ள வேண்டும். லைசென்சைச் சொந்த மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைக்க வேண்டும். அப்படி இணைத்திருந்தால், போர்டு மாறிய பிறகு, மாற்றத்தக்க லைசென்சை அதே பக்கத்தில் உள்ள 'டிரபிள்ஷூட்' மூலம் மீட்க வழி உண்டு. மெக்கானிக்கின் கணக்கில் இணைத்தால் லைசென்சும் அவர் கைக்குப் போய்விடும்.

போட்டோ, கணக்கு விவரங்களைத் தனி டிஸ்க்கில் எடுத்து வைப்பதும், வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துவதும் அவசியம். தகராறு வந்தால் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த பில்தான்.