வீதிக்குப் பொருந்தும், வாசலில்தான் சங்கடம்

மின்சாரத்தால் ஓடும் வாகனம் சென்னைக்குப் புதிதன்று; 1895ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் வண்டிகளை ஓட்டி, 1953இல் அவற்றை நிறுத்திவிட்ட நகரம் இது. டிராம் போகும் வழியெல்லாம் கம்பியும் கூடவே போயிற்று. மின்சாரக் காருக்கோ இரவில் அது நிற்கும் இடத்தில் கம்பி வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் விஷயமெல்லாம் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பாடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டையும் ஓ.டி.யையும் கடந்து, திருமுல்லைவாயில் வழியாக ஆவடி போய்ச் சேரும் சி.டி.எச். சாலையில், காலை ஒன்பது மணிக்குப் பிரயாணம் செய்த எவரும் தம் காரின் வேகத்தைப் பற்றிப் பெருமை பேசத் துணியமாட்டார். நகர்வதும் நிற்பதுமாகவே பொழுது கழியும் அந்தச் சாலையில், பெட்ரோல் எஞ்சின் நின்ற இடத்திலேயே எண்ணெயைக் குடித்துக்கொண்டிருக்க, மின்சார மோட்டாரோ வண்டி நின்றால் தானும் ஓய்ந்து, வேகம் குறையும்போதெல்லாம் செலவழித்த சக்தியில் ஒரு பகுதியை மின்கலத்துக்கே திருப்பித் தந்துவிடுகிறது. நெரிசலே அதற்கு அனுகூலம்!

தூரத்தைப் பற்றிய பயமும் அநாவசியமே. ஆவடியிலிருந்து கிண்டிக்குப் போய்த் திரும்பினால் சுமார் 50 கிலோமீட்டர். 24 யூனிட் கொள்ளும் மின்கலமுடைய சிறு கார்கூட, சித்திரை வெயிலில் ஏ.சி.யை ஓயாமல் ஓட்டினாலும், அதைப்போல் இருமடங்கு தூரம் தாராளமாகப் போகும். செலவில் மட்டும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு மாதக் கணக்கில் வீட்டு உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மாத்திரமின்றி, அதற்கு முந்திய சில யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடுவது நம் மின்கட்டண முறை. காருக்கென்றே முந்நூறு சொச்சம் யூனிட் கூடும்போது பில்லைக் கண்டு திடுக்கிடத்தான் நேரும். ஆயினும் கூடுதலாகும் அத்தொகை, அதே தூரத்துக்கு ஆகும் பெட்ரோல் செலவில் கால் பங்கை எட்டாது.

ஆகவே, கார் இவ்வூர்களுக்குப் பொருந்துமா என்பதைவிட, எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதே கேட்கத்தக்க கேள்வி. திருமுல்லைவாயிலிலோ பட்டாபிராமிலோ போர்ட்டிகோ உள்ள தனி வீட்டுக்காரர், எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் பிளக் ஒன்று இருந்தால் கவலையின்றி உறங்கப் போகலாம். முகப்பேரிலும் அயனம்பாக்கத்திலும் மூன்றாம் மாடியில் குடியிருப்பவருக்கோ, மீட்டர் ஒரு மூலை, கார் ஒரு மூலை. நடுவே குடியிருப்புச் சங்கத்தின் ஆட்சேபம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் தரைத்தளங்களில் புகுந்ததைப் பார்த்த செயலாளர், காரின் பக்கத்தில் மின்சாரமா என்று அஞ்சுவதில் நியாயமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால், பிளக்கை ஆளுயரத்தில் பொருத்தி, கசிவு கண்டால் தானே துண்டிக்கும் சுவிட்சையும் வைத்தால், அந்த அபாயத்தை வெகுவாகக் குறைத்துவிடலாம். அனுமதி மறுக்கப்பட்டவர் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிடுவதே பேரபாயம்.

வீட்டிலுள்ள இணைப்பிலிருந்தே காருக்கு மின்னேற்றிக்கொள்ள மத்திய மின் அமைச்சகம் 2022லேயே இடமளித்துவிட்டது. குடியிருப்புச் சங்கத்தாருக்கு என் விண்ணப்பம் இதுதான்: அடுத்த கூட்டத்தில் யாரேனும் தம் சொந்தச் செலவில், தம் மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடத்துக்கு முறையாகக் கம்பி இழுக்க அனுமதி கேட்டால், தயைகூர்ந்து மறுக்காதீர்கள்.