மாற்றிச் சொன்னால் மட்டமான டாக்டரா?

“முந்தாநாள் டெங்குன்னாரு, இன்னிக்கு வேற என்னமோ சொல்றாரு. இவருக்கு ஒண்ணும் தெரியல. வா, சிதம்பரம் போயிடலாம்.” வளையமாதேவி, சேத்தியாத்தோப்பு பக்கம் மட்டுமல்ல, காய்ச்சல் காலத்தில் தமிழ்நாடு முழுக்கக் காதில் விழும் பேச்சு இது. கைராசிக்கார டாக்டர் முதல் தடவையே சொல்லிவிடுவார், மாற்றிச் சொல்பவர் அரைகுறை என்று நம்புகிறோம். இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லும்.

மழைக்காலம். வயலில் இறங்கி வேலை செய்பவருக்குக் கடுங்காய்ச்சல், உடம்புவலி. டெங்குவைச் சந்தேகிப்பது நியாயம். டெங்குவைக் கண்டறியும் என்எஸ்1 ரத்தப் பரிசோதனையோ ‘இல்லை’ என்கிறது. ரத்தம் எடுத்தது காய்ச்சலின் ஏழாம் நாள் என்றால் அந்த ‘இல்லை’யை நம்ப முடியாது, ஐந்து நாள் தாண்டினால் அந்தப் பரிசோதனை நோயைப் பலமுறை தவறவிடும். டெங்கு சந்தேகம் திரும்ப வருகிறது. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் அக்குளில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு. ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக்காய்ச்சல்! டாக்ஸிசைக்ளினை உடனே தொடங்க வேண்டும். டாக்டர் மாற்றி மாற்றித்தான் பேசினார். ஆனால் ஒவ்வொரு பேச்சும் அந்த நேரத்தில் கையில் இருந்த தடயத்துக்குப் பொருந்தியது.

அந்த டாக்டர் யோசித்த விதம் இதுதான்: எதிர்வாதம் வரும்வரை ஒரு வாதம் நிற்கும். அந்த எதிர்வாதத்தை இன்னொன்று முறித்தால் முதல் வாதம் மீண்டும் எழும். தர்க்க இயலில் இதற்குக் கணித வடிவமே உண்டு. 1995-இல் பான் மின் டுங் என்ற ஆய்வாளர் வகுத்தது. மருத்துவ முடிவுகளுக்கு உதவும் கணினி முறைகளிலும் ஆய்வாளர்கள் இதைக் கையாள்கிறார்கள்.

ஒரு டாக்டர் மட்டுமல்ல, மருத்துவ உலகமே மாற்றிச் சொன்னதுண்டு. காசநோய்க்காரர் சானடோரியம் என்கிற தனி மருத்துவமனையில் படுத்தே ஆகவேண்டும் என்பதும் ஒருகாலத்தில் மருத்துவ விதிதான். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள் என்று 1959-இல் காட்டியது சென்னை காசநோய் சிகிச்சை மையத்தின் ஆய்வு. மருத்துவ உலகம் சொன்னதை மாற்றிக்கொண்டதால்தான் ஏழைக்கு வீட்டில் வைத்தியம் வந்தது.

அதற்காக எப்படி மாற்றினாலும் சரி என்று இல்லை. புதிய தடயம் எதுவும் இல்லாமல் மருந்தை மாற்றுபவரைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். “ஏன் மாத்துறீங்க, புதுசா என்ன தெரிஞ்சுது?” என்று கேளுங்கள். வேறு டாக்டரிடம் போனாலும் பழைய சீட்டையும் ரிப்போர்ட்டையும் மறைக்காமல் காட்டுங்கள். மறைத்தால் அவர் முதலிலிருந்து தொடங்குவார். நோய் அதுவரை காத்திருக்காது.