மருந்து பிடிக்காத மர்மம்

"மருந்து பிடிக்கவில்லை" என்பது நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை. வியாதி முதலில் தணிந்து பிறகு மறுபடியும் தலையெடுத்தால், பழியை யார் மீதாவது போட்டாக வேண்டும் அல்லவா? வைத்தியருக்குக் கைராசி இல்லை என்பார் பாட்டி. பத்தியம் தவறிவிட்டது என்பார் அத்தை. நோயாளியோ தம் தலைவிதியை நொந்துகொள்வார். புற்று நோயைப் பொறுத்த வரையில் இந்தப் பழிகள் எவ்வளவு பொருந்தாதவை என்பதை ஒரு ரஸாயன நிபுணரின் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. அதை இங்கே சிறிது விவரிக்க விரும்புகிறோம்.

1948-ம் வருஷம் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஸிட்னி பார்பர், கடுமையான இரத்தப் புற்று நோய் கண்ட 16 குழந்தைகளுக்கு 'அமினாப்டெரின்' என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்த வரலாற்றை வெளியிட்டார். அம்மருந்தைத் தயாரித்து அளித்தது லெடர்லி ஆராய்ச்சிசாலை. அங்கே ஆராய்ச்சியை நடத்தி வந்தவர், பீமவரத்தில் பிறந்து சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். பத்துக் குழந்தைகளிடம் நல்ல மாறுதல் கண்டது. ஆனால் அந்தோ! அது நீடிக்கவில்லை, நோய் திரும்பி வந்தது. அந்த மருந்தின் தம்பியாகிய 'மெதோட்ரெக்ஸேட்' விஷயத்திலும் இதே தொல்லை நேர்ந்தது. ஏன்?

புற்று நோய் அணுவை எந்நேரமும் கலியாணம் நடக்கும் வீடு எனலாம். ஓயாமல் பெருகும் அந்த வீட்டுக்கு ஒரு பரிசாரகர் இன்றியமையாதவர். அவரே 'என்ஸைம்', நொதி என்றும் சொல்வார்கள். போலிக் அமிலம் என்ற வைட்டமினைப் பக்குவப்படுத்தி, புது அணுக்கள் உண்டாவதற்கு வேண்டிய சரக்கைத் தருவது அவர் தொழில். மெதோட்ரெக்ஸேட் அந்த வைட்டமினைப் போலவே வேஷம் தரித்து உள்ளே நுழைந்து, பரிசாரகரின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. சமையல் நின்றால் கலியாணமும் நின்றுவிடுகிறது.

ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் என்ஸைம்களை ஆராய்ந்து வந்த ராபர்ட் ஷிம்கேயும் அவருடைய சகாக்களும், எலியின் புற்று நோய் அணுக்களை மருந்தில் வளர்த்தார்கள்; மருந்தின் அளவைச் சிறுகச் சிறுகக் கூட்டினார்கள். பெரும்பாலான அணுக்கள் மடிந்தன. எஞ்சியவை மருந்தை லட்சியம் செய்யவில்லை. 1978-ல் அதன் இரகசியம் வெளிப்பட்டது. பரிசாரகரை வரவழைக்கும் ஓலை ஒன்று அணுவுக்குள் உண்டு, அதுதான் 'ஜீன்'. எஞ்சிய அணுக்களில் அந்த ஓலை ஏறக்குறைய இருநூறு மடங்காகப் பெருகியிருந்தது! ஒரு பரிசாரகரின் கையைப் பிடித்தால் என்ன, இருநூறு பேர் அடுப்பங்கரையில் நிற்கிறார்களே! மருந்தை நிறுத்தி வளர்த்தபோது, சில அணுக்களில் அந்த அதிகப்படி ஓலைகள் குறைந்துபோனதையும் கண்டார்கள்.

வேறு தந்திரங்களும் உண்டு. சில அணுக்கள் மருந்தை உள்ளேயே விடுவதில்லை. சில, மருந்தின் பிடிக்கு அகப்படாதபடி என்ஸைமின் உருவத்தையே மாற்றிக்கொள்கின்றன. கோடிக்கணக்கான அணுக்களில் இப்படிப்பட்ட ஒன்றிரண்டு தப்பிப் பிழைத்தால் போதும். அவற்றின் சந்ததியே நோயாகத் திரும்புகிறது. இதில் பத்தியம் எங்கே? கைராசி எங்கே?

மர்மம் புரிந்தால் மாற்றும் புலப்படும். ஒரு மருந்துக்குத் தப்பும் அணு, வெவ்வேறு வழியில் தாக்கும் நான்கு மருந்துகளுக்கும் ஒருங்கே தப்புவது அரிது. 1960-க்குப் பிறகு வைத்தியர்கள் இம்முறையையே கைக்கொண்டு, சிகிச்சையை வருஷக் கணக்கில் நீட்டினார்கள். குழந்தைகளுக்கு அதிகமாக வரும் இரத்தப் புற்று நோயில், வசதி நிறைந்த நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன. மெதோட்ரெக்ஸேட் இன்னமும் அந்த மருந்துகளில் ஒன்று.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். "குழந்தைதான் ஓடியாடுகிறதே, இனி எதற்கு மருந்து?" என்று கேட்கத் தோன்றும் சமயந்தான் மிகவும் அபாயமான சமயம். கண்ணுக்குத் தெரியாத மிச்சத்துக்காகவே அந்த நீண்ட சிகிச்சை. வைத்தியர் போதும் என்று சொல்லும் வரையில் அதை நிறுத்தலாகாது. அப்படியும் நோய் திரும்பிவிட்டால், படுக்கையில் இருப்பவரிடம் குற்றம் தேடாமல் இருப்போமாக. அவர் சுமப்பது போதாதா?