பிள்ளைகளைக் கூட்டினால் பணத்தையும் கூட்டு!



அடுத்த ஆண்டுக்கான செலவு மதிப்பீடுகள் துறைகளிலிருந்து பீடங்களுக்கும், பீடங்களிலிருந்து நிதியாளர் அலுவலகத்துக்கும், அங்கிருந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் போகும் காலம் இது. அதற்கு அடுத்த படி திறைசேரி. கோப்பு திறைசேரிக்குள் போனபின் நாம் எவ்வளவு கத்தினாலும் அது வீதியில் கேட்குமே தவிரக் கணக்கில் ஏறாது. நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் எழுந்து வாசிக்கும் உரையில் நமக்குரிய வரி இருக்க வேண்டுமானால், அதை எழுத வைக்கும் வேலையை இன்றே தொடங்க வேண்டும். விரிவுரையாளர், கல்விசாரா ஊழியர், மாணவர், பெற்றோர் என்று எல்லோரையும் இந்த வேலைக்கு அழைக்கிறோம்.

நோய் எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுவோம். இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் எத்தனை பேரைச் சேர்ப்பது என்பது ஓர் இடத்தில் முடிவாகிறது. அவர்களுக்காக எவ்வளவு செலவழிப்பது என்பது வேறோர் இடத்தில் முடிவாகிறது. சேர்க்கும் எண்ணிக்கை கூடினால் அரசியல்வாதிக்குக் கைதட்டல் கிடைக்கிறது. பணத்தைக் கூட்டினால் கைதட்ட ஆளில்லை. ஆகவே முதலாவது விரைவாக நடக்கிறது, இரண்டாவது அதற்கு ஈடாக நடப்பதில்லை. பந்தியில் இலையை மட்டும் கூட்டிப் போட்டுவிட்டு உலையில் அரிசியைக் கூட்டாத வீடு நம்முடையது.

2019ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என இரண்டாக நடந்தது நினைவிருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு அநீதி நடக்கக் கூடாது என்று சொல்லி 2019/2020 கல்வியாண்டில் அனுமதி எண்ணிக்கையை உயர்த்தினார்கள். முப்பதாயிரத்துச் சொச்சமாக இருந்த ஆண்டு அனுமதி நாற்பதாயிரத்தைத் தாண்டியது. அது ஒரு முறைக்கான ஏற்பாடு என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். பிறகு வந்த ஆண்டுகளிலும் எண்ணிக்கை நாற்பதாயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை. அந்த முதல் தொகுதி உள்ளே நுழையும் முன்பே கொரோனா வந்தது, அடுத்து 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அரசு புதிய கட்டுமானங்களை நிறுத்தியது, ஆட்சேர்ப்பை முடக்கியது. மாணவர் சேர்ப்பை மட்டும் முடக்கவில்லை.

இந்த அதிகரிப்பு தவறென்று நாம் சொல்லவில்லை. ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறார்கள். அவர்களில் மூவரில் ஒருவருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. வெட்டுப்புள்ளி வெளியாகும் நாளில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிவதில்லை என்பது நமக்குத் தெரியும். கதவு இன்னும் அகலத் திறக்கட்டும். ஆனால் கதவைத் திறப்பவர் உள்ளே இருக்கையும் போட வேண்டும் என்று கேட்பது நம் கடமை.

பணம் எப்படி வருகிறது என்று பாருங்கள். திறைசேரி இரண்டு வகையாகத் தருகிறது: மீண்டெழும் செலவுக்கு ஒன்று, மூலதனச் செலவுக்கு ஒன்று. மீண்டெழும் செலவில் பெரும்பகுதி சம்பளமும் கொடுப்பனவும். அதில் யாரும் கைவைக்க முடியாது. மிச்சமிருக்கும் சிறு பங்கில்தான் ஆய்வுகூட இரசாயனம், நூலக சஞ்சிகை, களப்பயணம், மின்கட்டணம், கூரை ஒழுக்கு, கழிவறைத் திருத்தம் எல்லாம் நடக்க வேண்டும். மாணவர் தொகை கூடும்போது நசுங்குவது இந்தச் சிறு பங்குதான். வரவுசெலவுத் திட்டத்தில் மொத்தத் தொகை கடந்த ஆண்டைவிடக் கூடியிருக்கிறது என்று அமைச்சர் சொன்னால் அது பொய்யாக இருக்காது. தலைக்கு எவ்வளவு என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு மாணவருக்கு நூறு ரூபாய் வந்தது என்று வையுங்கள். மாணவர் 130 ஆகிறார்கள். அரசு தாராளமாக மானியத்தையும் 130 ஆக்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். 2022 செப்டெம்பரில் இந்த நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். அந்த விலையில் வாங்கப்போனால், ஒரு மாணவருக்கு முன்பு ஒரு ரூபாய்க்குக் கிடைத்த பொருளில் 59 சதப் பொருள்தான் கிடைக்கும். மானியம் கூடாமல் அப்படியே நின்றிருந்தால் 45 சதப் பொருள். விலை ஏறும் வேகம் பின்னர் குறைந்தது. ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. எந்தச் சட்டத்தையும் மாற்றாமல், எந்த அறிவிப்பும் விடாமல் இலவசக் கல்வியைப் பாதியாக்க இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

அடுத்தது ஆளணி. ஒரு துறைக்கு மேலதிகமாக ஐம்பது மாணவரை அனுப்ப ஒரு கடிதம் போதும். அதே துறைக்கு மேலதிகமாக ஒரு விரிவுரையாளர் பதவி வேண்டுமானால் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதற்கான கோப்பு ஆண்டுக்கணக்கில் அலையும். அனுமதிக்கப்பட்ட பதவிகளே வெறுமையாகக் கிடக்கின்றன. 2023 தொடக்கத்தில் வருமான வரி 36 வீதம்வரை உயர்ந்தது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போன இளம் விரிவுரையாளர் பலர், பிணைப் பணத்தைக் கட்டிவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன்? எஞ்சியிருப்பவர்களின் தோளில் இரட்டைச் சுமை ஏறுகிறது. தற்காலிக விரிவுரையாளரும் வருகை விரிவுரையாளரும் நிரந்தரத்தின் வேலையைச் செய்கிறார்கள், நிரந்தரத்தின் உரிமை இல்லாமல்.

இந்தச் சுமை எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. மருத்துவ பீடத்துக்கு ஒரு மாணவரைக் கூட்டினால் போதனா வைத்தியசாலையில் கட்டில் வேண்டும், ஆகவே அங்கே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கலைப்பீடத்தில் மண்டபமும் ஒலிவாங்கியும் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். எண்ணிக்கையைக் காட்ட வேண்டிய போதெல்லாம் கலைப்பீடத்தை நிரப்புகிறார்கள்; பிறகு கலைப் பட்டதாரிக்குத் திறன் இல்லை என்று அவர்களே குறை சொல்கிறார்கள். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவைத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத் தொழில்நுட்ப பீடங்களையும் திறந்தார்கள். தொழில்நுட்பத்தைக் கையால் தொட்டுப் படிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு இயந்திரம் வந்ததா, பயிற்றுநர் வந்தாரா என்று அந்தந்தப் பீடத்தில் கேட்டுப் பாருங்கள்.

வடக்கையும் கிழக்கையும் மலையகத்தையும் சேர்ந்த தோழர்களே, உங்களுக்கு இது இன்னும் கூர்மையாகக் குத்த வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகர், வவுனியா பம்பைமடு, வந்தாறுமூலை, ஒலுவில், திருகோணமலை என்று நம் வளாகங்கள் பெருநகரங்களுக்கு வெளியே கிடக்கின்றன. கொழும்பில் விடுதி கிடைக்காத பிள்ளை சுற்றுவட்டாரத்தில் ஓர் அறை தேடலாம். வெட்டைவெளியில் எழுந்த வளாகத்தில் அறைக்கு எங்கே போவது? தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளைக்கு விடுதி இல்லை என்றால் பல்கலைக்கழகமே இல்லை. மகாபொல புலமைப்பரிசிலை 2025 வரவுசெலவுத் திட்டம் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக்கியது. நல்லது. ஆனால் அறை வாடகையும் சாப்பாட்டுக் காசும் தெரிந்த எவரும் அதை வைத்து ஒரு மாதம் ஓட்டலாம் என்று சொல்லியிருக்கமாட்டார்.

இடப் பற்றாக்குறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம்மிடம் வரலாறு இருக்கிறது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. 1960களில் தாய்மொழியில் படித்த தலைமுறை பல்கலைக்கழக வாசலுக்கு வந்தபோது, அதற்கேற்ற இடத்தையும் துறைகளையும் உருவாக்க அரசு பணம் ஒதுக்கவில்லை. இருந்த சில ஆயிரம் இடங்களை யாருக்குக் கொடுப்பது என்ற சண்டை மூண்டது. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது, பிறகு மாவட்ட ஒதுக்கீடு வந்தது. தமிழ் இளைஞர் சிங்கள இளைஞரை எதிரியாகப் பார்த்தார்கள். சிங்கள இளைஞர் தமிழ் இளைஞரை எதிரியாகப் பார்த்தார்கள். கஜானாவின் சாவியை வைத்திருந்தவரை இருவரும் பார்க்கவில்லை. அந்தப் பாடத்துக்கு இந்த நாடு கொடுத்த விலை போதும். இன்று நெரிசலான விரிவுரை மண்டபத்தில் உட்கார இடமில்லாத மாணவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை முறைத்துப் பார்த்தால், நாம் மறுபடி அதே பொறியில் விழுகிறோம்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. அரச பல்கலைக்கழகத்தைப் பட்டினி போடு, தரம் சரியட்டும், பிறகு “பார்த்தீர்களா, அரசால் முடியாது, காசு கட்டிப் படியுங்கள்” என்று சொல். மாலபேயில் சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரி அப்படித்தான் வந்தது. மாணவர்களும் மருத்துவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடித்தான் அதை மூட வைத்தார்கள். 2021இல் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலம் வந்தபோது மறுபடி எழுந்து நின்று அதைத் தடுத்தோம். நேரே வரும்போது நாம் தடுத்துவிடுகிறோம். பக்கவாட்டில் வரும்போது கவனிப்பதில்லை. கட்டணம் வாங்கும் முதுமாணிக் கற்கைகள், வார இறுதி டிப்ளோமாக்கள், வெளிவாரிப் பட்டங்கள் என்று பல்கலைக்கழகமே உழைக்கத் தொடங்குகிறது. உழைத்த பணம் நூலகத்துக்கும் ஆய்வுக்கும் போனால் சந்தோசம். “உன்னிடம்தான் பணம் இருக்கிறதே” என்று மானியத்தில் கழிக்க அது காரணமாகிவிட்டால், நம் உழைப்பே நமக்கு எதிரியாகும்.

“நாட்டிடம் பணம் இல்லையே” என்பார்கள். வங்குரோத்தான நாடு என்பதை நாம் மறுக்கவில்லை. எரிபொருள் வரிசையில் நின்றவர்கள் நாம்தானே. ஆனால் இதே பதிலை 2012இலும் சொன்னார்கள். அப்போது போர் முடிந்து மூன்று ஆண்டுகள். பொருளாதாரம் பாய்ந்து வளர்கிறது என்று அரசே பெருமை பேசிய காலம். வளரும்போதும் இல்லை, விழும்போதும் இல்லை என்றால், இல்லாதது பணம் அல்ல, மனம். கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 வீதம் ஒதுக்க வேண்டும் என்பது உலக நாடுகள் 2015இல் யுனெஸ்கோவின் மேடையில் ஏற்றுக்கொண்ட அளவு. நம் நாடு பல ஆண்டுகளாக 2 வீதத்தை ஒட்டியே நிற்கிறது. சர்வதேச நாணய நிதியத்துக்கு 2.3 வீத முதன்மை மீதியைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்த அரசு, தன் பிள்ளைகளுக்கும் ஒரு வீதத்தை எழுத்தில் கொடுக்கட்டும்.

2012ஐ நினைவுபடுத்தினோம். பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் அந்த ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கல்விக்கு 6 வீதம் என்ற கோரிக்கை சுவரெங்கும் ஏறியது. அரசு பல்கலைக்கழகங்களை மூடிப் பார்த்தது. செப்டெம்பரில் காலியிலிருந்து கொழும்புக்கு ஆசிரியர்கள் நடந்தார்கள். வழியெங்கும் மக்கள் வந்து நின்றார்கள். ஏறத்தாழ நூறு நாள் நீண்ட அந்தப் போராட்டம் ஒக்டோபரில் வாக்குறுதிகளோடு முடிந்தது. 6 வீதம் வரவில்லை. ஆனாலும் கல்விக்கான பணம் பேராசிரியரின் பிரச்சினை மட்டுமல்ல, மீன் விற்பவரின் பிரச்சினையும்தான் என்பதை அந்த நடை நாட்டுக்குக் காட்டியது. அதன் பிறகு நாம் மறுபடி பிரிந்துவிட்டோம். ஆசிரியர் 2023இல் வரி உயர்வுக்கு எதிராக இறங்கினார்கள். கல்விசாரா ஊழியர் 2024இல் இரண்டு மாதம் சம்பளத்துக்காகத் தனியே நின்றார்கள். மாணவர் விடுதிக்காகத் தனியே தடியடி வாங்குகிறார்கள். ஒவ்வொன்றும் நியாயமான போராட்டம். ஒவ்வொன்றையும் தனித்தனியே வெல்வது அரசுக்கு எளிது.

ஆகவே ஒன்றாக, ஒரே குரலில், இவற்றைக் கேட்போம்:

ஒன்று, அனுமதி எண்ணிக்கையும் அதற்கான நிதியும் ஒரே ஆவணத்தில் ஒரே நாளில் அறிவிக்கப்பட வேண்டும். பணம் குறிக்காத அதிகரிப்பை எந்தப் பீடமும் ஏற்கக் கூடாது. பணத்தோடு வரும் அதிகரிப்பை எந்தப் பீடமும் மறுக்கக் கூடாது.

இரண்டு, மாணவர் தொகை கூடும்போது ஆளணியும் தானாகவே மீளாய்வுக்கு வர வேண்டும். வெற்றிடங்களை நிரப்பத் தனித்தனி அனுமதிக்காகக் கோப்புத் தூக்கி அலையும் முறை ஒழிய வேண்டும்.

மூன்று, ஒவ்வொரு பல்கலைக்கழகமும், ஒவ்வொரு பீடமும் ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்பதை விலையேற்றத்தைக் கழித்து ஆண்டுதோறும் மும்மொழியிலும் வெளியிட வேண்டும்.

நான்கு, பல்கலைக்கழகம் உழைக்கும் பணத்தைக் காட்டி அரச மானியத்தைக் குறைக்கக் கூடாது.

ஐந்து, கல்விக்கு 6 வீதம் என்ற இலக்குக்கு ஆண்டுவாரியான அட்டவணை வேண்டும்.

இனி வேலை. இந்த வாரமே உங்கள் பீடச் சபையில் இதைப் பிரேரணையாகக் கொண்டுவாருங்கள், மூதவைக்கு அனுப்புங்கள். ஆசிரியர் சங்கமும் ஊழியர் சங்கமும் மாணவர் ஒன்றியமும் ஒரே மேசையில் உட்கார்ந்து கூட்டுக் குழு அமையுங்கள். உங்கள் துறையில் 2019இல் எத்தனை மாணவர், எத்தனை நிரந்தர ஆசிரியர், எத்தனை விடுதி இடம், இன்று எத்தனை என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அந்த ஒரு பக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்துச் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் கொடுங்கள். உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினரின் வாசலுக்குப் போங்கள். உயர்கல்வி ஒதுக்கீடு குழுநிலை விவாதத்துக்கு வரும் நாளில் அவர் எழுந்து என்ன கேட்கப் போகிறார் என்று இப்போதே கேளுங்கள். சபையில் அவர் பேசாமல் இருந்தால் அதையும் ஊருக்குச் சொல்லுங்கள்.

தோழர்களே, மதிப்பீட்டுக் கோப்பு நகரத் தொடங்கிவிட்டது. அது திறைசேரியின் வாசலைத் தாண்டுவதற்குள் நாம் அதன் முன்னால் நிற்க வேண்டும். சங்கம் எது, மொழி எது, பீடம் எது என்று பார்க்காமல் வாருங்கள். சேர்த்த ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய பணத்தை இந்த ஆண்டே வாங்குவோம்!