ஜட்ஜுக்கு அங்கே என்ன வேலையா?

“கொலை பண்ணிட்டு பைத்தியம்னு சொல்லித் தப்பிச்சுக்குறாங்க. கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில போட்டாச்சுன்னா டாக்டர் பாத்துக்குவாரு. ஜட்ஜுக்கு அங்க என்ன வேலை?”

எண்ணூர் பக்கத்து நெட்டுக்குப்பத்து அண்ணன் ஒருவரின் வாதம் இது. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்களாம்.

முதலில் அந்தத் ‘தப்பிப்பது’. மனநோய்க்குச் சீட்டு வைத்திருந்தால் மட்டும் யாரும் விடுதலையாவதில்லை. அந்தச் செயலைச் செய்த நேரத்தில் செய்வது இன்னதென்றோ தவறென்றோ அறியமுடியாத நிலையில் இருந்ததை, குற்றஞ்சாட்டப்பட்டவரே நிறுவ வேண்டும். நிறுவினாலும் கோர்ட் வாசலில் ஆட்டோ பிடித்து வீடு திரும்ப முடியாது. பாதுகாப்பான காவல், அல்லது பொறுப்பேற்கும் உறவினர். காவல் என்றால் எத்தனை நாள்? ஏழாண்டுத் தண்டனைக் கைதிக்கு விடுதலைத் தேதி தெரியும். இவருக்குத் தெரியாது. 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், குணமானபின் இவரை வெளியேவிட உத்தரவிடும் அதிகாரம் மாநில அரசிடம்தான் இருக்கிறது.

டாக்டர் பார்த்துக்கொள்வாராம். பார்த்தாரே! அசாமின் மச்சாங் லாலுங் 1951-இல் கைதாகி, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்குப் போனார். 1967-இல் தேறிவிட்டார் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் குவாஹாட்டி சிறைக்கு மாற்றினார்கள். விசாரணையே நடக்காமல் இன்னும் 38 ஆண்டுகள். 2005-இல் ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில் வெளியே வந்தபோது எழுபதைத் தாண்டிய கிழவர். மருத்துவர் தன் வேலையைச் செய்தார். அந்தச் சீட்டை வரவழைத்துப் படிக்க ஒரு நீதிபதிக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

பீகாரின் ருதுல் ஷா கதை இன்னும் மோசம். 1968-இல் கோர்ட் விடுதலை செய்தும், 1982 வரை முசாபர்பூர் சிறையில் கிடந்தார். ஏனென்று கேட்டால், புத்தி சரியில்லை என்றது அரசு. உருப்படியான மருத்துவ ஆதாரம் எதுவும் காட்டவில்லை. 1983-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி வலையும் படகும் கறுத்தபோது, “அதிகாரிங்க பாத்துக்குவாங்க” என்று அண்ணன் படுத்துத் தூங்கினாரா? பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கெடுத்தபோது, அதற்கு இங்கே என்ன வேலை என்று கேட்டாரா? தன் ஆற்றுக்கு ஒரு நியாயம், கீழ்ப்பாக்கத்து வார்டில் இருப்பவனுக்கு வேறு நியாயமா?

ஆபத்தானவரைத் திறந்துவிடு என்று யாரும் கேட்கவில்லை; உள்ளே வைத்திருப்பது சரிதானா என்று ஒரு நீதிபதி அவ்வப்போது பார்க்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஆபத்து இருந்தால் மருத்துவர் கோர்ட்டில் வந்து சொல்லட்டும். நீதிபதி ஏற்றால் உள்ளேயே இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்கட்டும். இதில் ஊர்ப் பாதுகாப்புக்கு என்ன குறைந்துபோகும் என்பதை அண்ணன்தான் சொல்ல வேண்டும்.